மூட்டையால் கட்டிய மதில்: ஜான் சார்ட்

பிரிட்டிஷ் ராணுவத்தின் மிக உயர்ந்த வீர விருது விக்டோரியா கிராஸ். அதை வாங்கியவர்களில் நம்ம ஆள், அதாவது இன்ஜினியர், ஒருத்தர் இருக்கார். பெயர் ஜான் சார்ட். 1847-ல் பிளிமத் பக்கம் பிறந்தவர். வூல்விச் ராணுவ அகாடமியில் படித்து, 1868-ல் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார்.

1879 ஜனவரியில் பிரிட்டிஷ் படை தென்னாப்பிரிக்காவின் ஜூலு நாட்டுக்குள் புகுந்தது. சார்ட்டுக்குக் கிடைத்தது சாதாரண வேலை: ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்ற இடத்தில் பஃபலோ ஆற்றைக் கடக்கும் மிதவைகளைப் பழுதுபார்ப்பது.

ஜனவரி 22 பிற்பகல் செய்தி வந்தது. இசாண்டில்வானா முகாம் அழிந்துவிட்டது, ஜூலு வீரர்கள் இங்கேயும் வருகிறார்கள். மேலதிகாரியோ அன்றைக்கே வெளியே கிளம்பியிருந்தார். இருந்த லெப்டினன்ட்களில் சார்ட்தான் சீனியர். பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

ஓடுவதா, நிற்பதா? நோயாளிகளை வண்டியில் ஏற்றிப் போனால் வழியிலேயே மாட்டிக்கொள்வோம் என்றார் உணவுக் கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஜேம்ஸ் டால்டன். அனுபவஸ்தர் பேச்சைக் கேட்டார்கள். கையில் இருந்தது சோள மூட்டைகளும் பிஸ்கட் பெட்டிகளும்தான். அதை வைத்தே ஆஸ்பத்திரியையும் கிடங்கையும் இணைத்து மதில் எழுப்பினார்கள்.

இங்கதான் நீங்க கவனிக்கணும். சண்டை தொடங்கும் முன்பே துணைக்கு இருந்த உள்ளூர்ப் படை போய்விட்டது. மிச்சம் சுமார் 150 பேர், அதிலும் பலர் நோயாளிகள். ஆள் குறைந்துவிட்டது, மதிலின் நீளம் குறையவில்லை. உடனே சார்ட் குறுக்கே பிஸ்கட் பெட்டிகளால் இன்னொரு சுவர் போடச் சொன்னார். ஆஸ்பத்திரிக் கூரை பற்றி எரிந்தபோது பின்வாங்கி நிற்க இடம் தந்தது அந்தச் சுவர்தான்.

வந்த ஜூலு வீரர்கள் 3000-க்கும் மேல். மறுநாள் காலை அவர்கள் திரும்பிப் போனார்கள். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 17 பேர். சார்ட், டால்டன் உட்பட 11 பேருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 1897-ல் சார்ட் புற்றுநோயால் இறந்தார்.

கதையை இத்தோடு நிறுத்தினால் பாதிதான் படித்ததாக ஆகும். படையெடுத்து வந்தது பிரிட்டன். ஜூலு தரப்பில் 350-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயத்தோடு கிடந்தவர்களையும் சண்டை முடிந்த பிறகு கொன்றார்கள். அதுக்கு எந்தப் பதக்கமும் பதில் சொல்லாது.

அதனால சார்ட்டிடம் ரெண்டு விஷயம் படிங்க. நிலைமை மாறினால் டிசைனையும் மாத்துங்க, முதல் சுவர் விழும் முன்பே. அப்புறம், நாம கட்டுவது யாருக்காக, எதுக்காக என்பதையும் கேளுங்க. அந்தக் கேள்விக்கு எந்த சிலபஸிலும் மார்க் கிடையாது, ஆனா கேட்டே ஆகணும்.