கரும்புக்காட்டின் கருங்கற்கள்

மொரீஷியஸ் தீவின் விமான நிலையம் தென்கிழக்கில் இருக்கிறது. தலைநகரமான போர்ட் லூயிஸ் வடமேற்குக் கடற்கரையில் அமைந்துள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். சாலையின் இருபுறமும் கரும்பு ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அந்தப் பசுமைக்கு நடுவே ஆங்காங்கே கரிய கற்குவியல்கள் தென்படும். சில, வீட்டளவு உயரமானவை. சில, நீண்ட மதில் போன்றவை. முதன்முறையாக வரும் சுற்றுப்பயணிகள் அவற்றைச் சிறு குன்றுகள் என்றே எண்ணிவிடுகின்றனர்.

அவை குன்றுகள் அல்ல. மனிதர் கையால் பொறுக்கி எடுத்துக் குவித்த கற்கள்.

இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள இத்தீவு எரிமலைக் குழம்பால் உருவானது. பரப்பளவு சுமார் 1,865 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல இரண்டரை மடங்கு. மண்ணைத் தோண்டினால் எரிமலைக் கருங்கல்தான் கிடைக்கும். அக்கற்களை அகற்றாமல் கரும்பு நட முடியாது. முதலில் அடிமைகளும், பின்னர் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவற்றைச் சுமந்து வயலின் நடுவிலும் ஓரத்திலும் அடுக்கினர். மொரீஷியஸைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுபவர் இந்தக் கற்குவியல்களை மனத்தில் இருத்திக்கொண்டால், மற்ற இடங்கள் எளிதில் விளங்கும்.

தீவுக்கு ஆட்சியாளர்கள் மாறி மாறி வந்தனர். 1598இல் வந்த டச்சுக்காரர்கள் தங்கள் இளவரசர் மொரிஸின் பெயரை அதற்குச் சூட்டினர். ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அவர்கள் 1710இல் வெளியேறிய பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் 1715இல் தீவைக் கைப்பற்றினர். துறைமுகத்தையும் நகரத்தையும் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். தமிழர் இத்தீவில் காலூன்றியது அப்போதுதான். 1810இல் பிரிட்டிஷார் வென்றனர். ஆட்சி மாறியபோதும் கரும்பு மாறவில்லை. அது மேலும் பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சிறிய தீவில் 250க்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இயங்கின. அவற்றின் புகைபோக்கிகள் சில இன்றும் கரும்பு வயல்களில் தனித்து நிற்கின்றன.

போர்ட் லூயிஸ் துறைமுகத்தின் ஓரத்தில் உள்ளது ஆப்பிரவாசி காட். 2006இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. உலகப் புகழ்பெற்ற இடம் என்று எண்ணிக்கொண்டு வருபவர்கள் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். சில கருங்கல் கட்டடங்கள், ஒரு மருத்துவப் பகுதி, காவலாளி அறை, கடலை நோக்கி இறங்கும் 16 படிகள் ஆகியவையே அங்குள்ளன. பழைய குடியேற்ற நிலையத்தின் பெரும்பகுதி இன்று இல்லை; அதன் ஒரு பகுதியின் மேல் நெடுஞ்சாலை செல்கிறது.

ஆனால், அந்தப் படிகளில் ஏறியவர்கள் எத்தனை பேர்? 1834 முதல் 1920 வரை ஏறக்குறைய 5 இலட்சம் இந்தியர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்களாக மொரீஷியஸுக்கு வந்தனர். கல்கத்தா, சென்னை, பம்பாய் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. 1834 நவம்பர் 2ஆம் நாள் ‘அட்லஸ்’ என்னும் கப்பல் 36 தொழிலாளர்களுடன் வந்து சேர்ந்தது. அந்நாள் இன்று அங்குப் பொது விடுமுறை. அடிமைமுறை ஒழியவிருந்த வேளையில் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. ‘சுதந்திரமான’ கூலிகளைக் கொண்டு தோட்டங்களை நடத்த முடியுமா என்று பிரிட்டிஷ் அரசு இங்குதான் சோதித்துப் பார்த்தது. சோதனை வெற்றியளித்ததும், அதே முறை கரீபியன் தீவுகளுக்கும் பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பரவியது. மலாயாவில் சஞ்சிக்கூலிகள் என்று அழைக்கப்பட்ட தமிழர்களும் இத்தகைய ஒப்பந்தத்தில் வந்தவர்களே. ரப்பர் வருவதற்கு முன்பே செபெராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் அவர்கள் உழைத்தனர்.

மொரீஷியஸில் ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டுகள். ஆண் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 5 ரூபாய். அதனுடன் அரிசி, பருப்பு, உப்பு போன்ற படி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிக்கப்பட்டது. ஒப்பந்தம் முடிந்தவர்கள்கூடப் புகைப்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என 1867இல் சட்டம் வந்தது. சீட்டு இல்லாமல் பிடிபட்டால் சிறை. இக்கொடுமைகளை எதிர்த்து 1871இல் ஆளுநரிடம் ஒரு மனு கொடுக்கப்பட்டது. அதை எழுத உதவியவர் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்னும் ஐரோப்பியர். ஒப்பமிட்ட தொழிலாளர்கள் 9,401 பேர். அதன் விளைவாக அரச விசாரணைக்குழு ஒன்று தீவுக்கு வந்தது.

இந்த இடத்தின் பழைய பெயர் ‘கூலி காட்’. இழிவுப்பொருள் ஏறிவிட்ட ‘கூலி’ என்னும் சொல்லை நீக்கிவிட்டு, குடியேறியவர்களைக் குறிக்கும் ‘ஆப்பிரவாசி’ என்னும் இந்திச் சொல்லைப் பின்னாளில் சேர்த்தனர்.

தீவின் தென்மேற்கு முனையில் கடலுக்குள் நீண்டிருக்கும் நிலத்தில், 556 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதுதான் லெ மோர்ன். 2008இல் அதுவும் உலக மரபுடைமைத் தலம் ஆனது. அடிவாரத்தில் வெண்மணல், பச்சை நிறக் கடல், சொகுசு விடுதிகள். வானூர்தியிலிருந்து பார்த்தால் கடலுக்கு அடியில் அருவி விழுவதுபோல் தெரியும். மணலும் வண்டலும் ஆழத்தை நோக்கிச் சரிவதால் தோன்றும் மாயம் அது. சுற்றுலாப் படங்களில் பெரும்பாலும் இக்காட்சியே இடம்பெறுகிறது.

தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை இது. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியா, தென்கிழக்காசியா ஆகிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் இதன் குகைகளிலும் உச்சியிலும் தங்கினர். ஏறுவதற்குக் கடினமான மலை என்பதே அவர்களுக்குக் காவலாக இருந்தது. 1835 பிப்ரவரி 1ஆம் நாள் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அச்செய்தியைச் சொல்ல வீரர்கள் மலையேறியபோது, தங்களைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று அஞ்சி மலைமேல் இருந்தவர்கள் கீழே குதித்து உயிர்விட்டனர் என்று வாய்மொழிக் கதை ஒன்று கூறுகிறது. இதற்கு எழுத்துச் சான்று இல்லை. எனினும், தீவின் மக்கள் தலைமுறை தலைமுறையாக இதைச் சொல்லி வருகின்றனர். ‘அட்லஸ்’ கப்பல் வந்த நாளுக்கும் விடுதலை நாளுக்கும் இடையே மூன்று மாதங்களே என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இயற்கையை நாடிச் செல்பவர்களுக்கும் இத்தீவில் இடங்கள் உண்டு. சாமரெல் என்னும் ஊரில் சிவப்பு, பழுப்பு, ஊதா எனப் பல வண்ண மண்மேடுகள் அலையலையாகக் கிடக்கின்றன. எரிமலைக் கல் உருக்குலைந்து களிமண்ணாகி, அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் தந்த நிறங்கள் அவை. பாம்பிள்மூஸ் தாவரப் பூங்காவில் தாம்பாளம்போல் விரிந்த ஆம்பல் இலைகளைக் காணலாம். தாளிப்பனையும் அங்கு உண்டு. பல பத்தாண்டுகள் வளர்ந்து, ஒரே ஒருமுறை பூத்து, பிறகு அது பட்டுப்போகும். அப்பூங்காவை வளர்த்த பியர் புவாவர் டச்சுக்காரர்களின் கண்ணில் மண்ணைத் தூவி, மொலுக்கஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தருவித்தவர். பிரெஞ்சு மொழியில் ‘புவாவர்’ என்றால் மிளகு! பொருத்தமான பெயர்தான்.

பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில்தான் தீவின் பழைய காடு எஞ்சியிருக்கிறது. கருங்காலி மரங்களை வெட்டி விற்றது முதல் கரும்புக்காக நிலத்தைத் திருத்தியது வரை, மூன்று நூற்றாண்டுகளில் காடு அழிந்துபோனது. டச்சுக்காரர்கள் வந்த நூறாண்டுகளுக்குள் பறக்க இயலாத டோடோ பறவை அற்றுப்போனது. மொரீஷியஸ் வல்லூறுகள் 1974இல் நான்கு மட்டுமே அறியப்பட்டிருந்தன. முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பாகப் பொரிக்கவைத்து அந்த இனத்தை மீட்டனர். பூங்காவுக்கு வருபவர்கள் சிவந்த சீனக் கொய்யாவை ஆசையோடு பறித்து உண்கின்றனர். உண்மையில் அது வெளியிலிருந்து வந்த செடி. அடர்ந்து வளர்ந்து, மண்ணின் மரங்களை முளைக்கவிடாமல் செய்வதும் அதுவே. அங்குத் திரியும் மான்களும் ஜாவாவிலிருந்து வந்தவைதாம்.

மோக்கா என்னும் ஊரில் மகாத்மா காந்தி கழகம் இருக்கிறது. சுற்றுலா வழிகாட்டி நூல்களில் இதற்கு அதிக இடம் கிடைப்பதில்லை. குடியேறியவர்களின் பதிவேடுகள் அங்குப் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தந்தை பெயர், ஊர், வயது, உயரம், வந்த கப்பல். 1860களுக்குப் பிறகு வந்த பலருக்குப் புகைப்படமும் உண்டு. பாட்டன் பூட்டன் பிறந்த ஊரைத் தேடி வருபவர்கள் இப்பதிவேடுகளையே நம்பியிருக்கின்றனர். தமிழில் பேச அறியாத தமிழர்களும் அவர்களுள் உள்ளனர். ஆயினும் தைப்பூசம் அங்குப் பொது விடுமுறை. அந்நாட்டுப் பணத்தாளில் தமிழ் எழுத்தும் இருக்கிறது.

கற்குவியல்களுக்கு மட்டும் பெயர்ப்பலகையோ பதிவேடோ இல்லை. அறுவடை இயந்திரங்கள் தடையின்றி ஓட வேண்டும் என்பதற்காக, கடந்த சில பத்தாண்டுகளில் பல வயல்களிலிருந்து அவை அகற்றப்பட்டுவிட்டன. இயந்திரம் இன்னும் புகாத வயல்களில் அவை கொடி படர்ந்து கிடக்கின்றன. கரும்பு வெட்டி முடிந்த மாதங்களில் சென்றால், சாலையிலிருந்தே அவற்றை முழுமையாகப் பார்க்கலாம்.