நோர்வேஜிய மொழிப் பாடம்: ‘சொம்’ கொண்டு வாக்கியங்களை இணைத்தல்

ஹவுகன்ஸ்டுவாவில் வாழும் தமிழ் மக்களுக்கு மாநகரசபையும் பாடசாலையும் வீட்டு உரிமையாளரும் அனுப்பும் கடிதங்களில் ‘சொம்’ என்னும் சிறு சொல் அடிக்கடி காணப்படும். அது இரு வாக்கியங்களை ஒன்றாக இணைப்பதுடன், எழுதப்பட்ட செய்தி யாருக்குரியது என்பதையும் வரையறுக்கின்றது. ஆதலால் அதனைப் பிழையற விளங்கிக்கொள்ளுதல் நமது உரிமைகளையும் கடமைகளையும் அறிந்துகொள்ளும் வழியுமாகும்.

1. அடிப்படை அமைப்பு

தமிழில் பெயரெச்சம் பெயருக்கு முன்னர் வரும். நோர்வேஜிய மொழியில் பெயர் முதலிலும் அதன் விளக்கம் பின்னரும் வரும்.

‘க்வின்னென் ரிங்டெ இ கோர்’ – அப்பெண் நேற்று அழைத்தார்.
‘க்வின்னென் பூர் போ ஹவுகன்ஸ்டுவா’ – அப்பெண் ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கிறார்.

இணைத்தால்: ‘க்வின்னென் சொம் ரிங்டெ இ கோர், பூர் போ ஹவுகன்ஸ்டுவா’ – நேற்று அழைத்த பெண் ஹவுகன்ஸ்டுவாவில் வசிக்கிறார்.

ஆங்கிலத்தில் மனிதருக்கு ‘ஹூ’, பொருளுக்கு ‘விச்’ என வேறுபாடு உண்டு. நோர்வேஜிய மொழியில் இரண்டிற்கும் ‘சொம்’ ஒன்றே.

2. ‘சொம்’ மறையும் இடம்

‘ப்ரேவெ சொம் யை ஃபிக்’ என்பதன் பொருள் ‘நான் பெற்ற கடிதம்’. இங்கே கடிதம் செயப்படுபொருள். எனவே ‘ப்ரேவெ யை ஃபிக்’ என்று ‘சொம்’ இன்றியும் எழுதலாம். முதல் எடுத்துக்காட்டில் பெண் எழுவாய். அங்கே ‘சொம்’மை விடலாகாது.

3. ‘இக்கெ’ இடம் மாறுதல்

தனி வாக்கியத்தில் எதிர்மறைச் சொல் வினைக்குப் பின் வரும்: ‘டி ஸ்வாரெர் இக்கெ’ – அவர்கள் பதிலளிப்பதில்லை. ‘சொம்’ தொடரில் அது வினைக்கு முன் வரும்:

‘டி சொம் இக்கெ ஸ்வாரெர், மிஸ்டெர் ப்ளாஸென்’ – பதிலளிக்காதோர் தமது இடத்தை இழப்பர்.

வினைக்குப் பின் மட்டும் ‘இக்கெ’யைத் தேடுபவர், பதிலளிப்போரே இடத்தை இழப்பர் என நேர்மாறாக விளங்கிக்கொள்ளக்கூடும்.

4. காற்புள்ளியின் ஆற்றல்

‘லையெடாகெர்னெ சொம் இக்கெ ஹார் பெடால்ட், மோ ஃப்ளிட்டெ’ – வாடகை செலுத்தாத குடியிருப்பாளர் மட்டும் வெளியேற வேண்டும்.

‘லையெடாகெர்னெ, சொம் இக்கெ ஹார் பெடால்ட், மோ ஃப்ளிட்டெ’ – குடியிருப்பாளர் அனைவரும் வெளியேற வேண்டும். அவர்களுள் எவரும் வாடகை செலுத்தவில்லை.

சொற்கள் ஒன்றே, ‘சொம்’முக்கு முன் வரும் ஒரு காற்புள்ளியே வேறுபாடு. அது இல்லையெனில் தொடர் சிலரை மட்டும் பிரித்துக் காட்டுகின்றது. இருந்தால் அனைவரையும் பற்றிய மேலதிகச் செய்தியைத் தருகின்றது. வாடகையை ஒழுங்காகச் செலுத்தியவருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

பயிற்சி

‘யை ஹார் என் ஸோக்னாட்’ (என்னிடம் ஒரு விண்ணப்பம் உண்டு), ‘ஸோக்னாடென் ஏர் இக்கெ ஃபார்டி’ (விண்ணப்பம் நிறைவடையவில்லை) ஆகிய இரண்டையும் இணைக்குக.

விடை: ‘யை ஹார் என் ஸோக்னாட் சொம் இக்கெ ஏர் ஃபார்டி’.

கடிதம் வாசிக்கும்போது

‘சொம்’ தொடரின் கீழ்க் கோடிடுக. அதற்கு முன்னுள்ள பெயரைக் கண்டறிக. அப்பெயர் தம்மைக் குறிக்கின்றதா எனச் சிந்திக்குக. ஐயம் நீங்காவிடில், கடிதத்தை அனுப்பிய அலுவலகத்திடம் விரைவில் விளக்கம் கேட்க வேண்டும். பொது அலுவலகங்களுக்கு வழிகாட்டும் கடமை உண்டு. நிர்வாகத் தீர்மானத்துக்கு எதிராக முறையிடும் காலம், அறிவித்தல் கிடைத்த நாளிலிருந்து பொதுவாக 3 வாரங்களாகும். கடிதத்தில் வேறு காலக்கெடு குறிக்கப்பட்டிருப்பின் அதுவே பொருந்தும்.