தாய்மையும் எச்.ஐ.வி. கிருமியும்

கரு வளர்ச்சி பற்றிய பாடம் வந்ததும், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டிவிடும் ஆசிரியைகளுள் நானும் ஒருத்தியாக இருந்தேன். அன்று சொல்லத் தயங்கியதை இன்று சொல்ல முற்படுகிறேன்.

எச்.ஐ.வி. கிருமி இந்தியாவில் முதன்முதலாக 1986ஆம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டறிந்தனர். ஒழுக்கம் தவறியவர்க்கே வரும் நோய் என்று ஊரார் எண்ணினர். பின்னர் மருத்துவமனைக்கு வந்த பெண்களுள் மிகப் பலர் கணவரையன்றிப் பிற ஆடவரை அறியாதவர். கணவன் மறைந்தபின் பழியும் அவர்கள்மீதே விழுந்தது. புகுந்த வீட்டின் கதவும் பலருக்கு அடைபட்டது.

தாயின் குருதியும் சேயின் குருதியும் நேராகக் கலப்பதில்லை. நஞ்சுக்கொடி இடையே காவலாக நிற்கிறது. ஆயினும் கருப்பையிலோ, பிரசவ வேளையிலோ, தாய்ப்பாலின் வழியாகவோ கிருமி சேயை அடையக்கூடும். மருந்தே இல்லையெனில் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை இதற்கு ஆளாவர். 1994இல் சிடோவுடின் என்னும் மருந்து இத்தொற்றை மூன்றில் இரு பங்கு குறைத்தது. தாய் நாள்தோறும் கூட்டு மருந்து உட்கொள்ளும் இக்காலத்தில் அது நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே இறங்கியுள்ளது.

அப்படியாயின் பால் கொடுக்கலாமா? ஆப்பிரிக்காவின் போட்சுவானாவில் அரசே புட்டிப்பால் மாவை இலவசமாக வழங்கியது. 2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்குப் பெருமழையால் குடிநீர் கெட்டு வயிற்றுப்போக்கு பரவியது. மடிந்த குழந்தைகளுள் பெரும்பாலோர் புட்டிப்பால் அருந்தியவர். கிருமிக்குத் தப்பிய குழந்தை தண்ணீருக்குத் தப்பவில்லை! தூய நீர் உறுதியில்லாத இடங்களில், மருந்துண்ணும் தாய் பாலூட்டுவதே நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் அறிவுறுத்தியது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே தருதல் வேண்டும். தாய்ப்பாலோடு பிறவும் கலந்து ஊட்டினால் தொற்று மிகுகிறது. சேனை தொட்டு வைக்க விரையும் பாட்டிமார் (என்னையும் சேர்த்துத்தான்) இதனை மனங்கொள்ள வேண்டும்.

கருவுற்ற தொடக்கத்திலேயே குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கணவரும் உடன்செல்வது முறை. அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் இது இலவசம். முடிவு இரகசியமாகக் காக்கப்படும். கிருமி உள்ளதென்று தெரிந்தாலும் மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்ற இயலாது. 2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், குடும்ப வீட்டில் வாழும் உரிமையை அவளுக்கு உறுதி செய்திருக்கிறது.