தறியும் தெருவும்

மக்கள் உழைப்பதற்கும் உறங்குவதற்கும், குழந்தைகள் ஆடுவதற்கும், முதியோர் இளைப்பாறுவதற்கும் உரிய இடங்கள் முறையாக அமைந்தால்தான் ஓர் ஊர் வாழத்தக்க ஊராகும். தெரு எவ்வளவு அகலம் உடையது, கழிவுநீர் எவ்வழியே செல்கிறது, மரநிழல் எங்கே உள்ளது என்பன சிறு செய்திகள்போலத் தோன்றலாம். ஆயினும், ஊராரின் உடல்நலமும் தொழிலும் இவற்றையே சார்ந்துள்ளன. இவ்வுண்மைக்கு ஆரணி நகரம் தக்க சான்றாகும்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்தது ஆரணி. ஆற்றை அணியாக உடைமையால் இப்பெயர் பெற்றது என்பர். 1751-ஆம் ஆண்டில் நிகழ்ந்த போரால் வரலாற்று ஏடுகளில் இடம்பெற்ற இவ்வூர், இன்று இரு பொருள்களால் புகழ் பெற்று விளங்குகிறது. ஒன்று, புவிசார் குறியீடு உடைய பட்டுச் சேலை. மற்றொன்று, ஆலைகளிலிருந்து வெளியூர்களுக்குச் செல்லும் அரிசி.

பட்டு நெசவில் தெருவிற்கும் பங்கு உண்டு. முறுக்கேற்றிய பட்டு நூலைச் சவர்க்கார நீரில் வேகவைத்துப் பசையை நீக்குவர். பின்னர்ச் சாயம் தோய்த்து உலர்த்துவர். நீளவாட்டில் அமையும் நூல்களின் தொகுதி பாவு எனப்படும். குறுக்கே ஓடுவது ஊடை. ஒரு சேலையின் நீளம் ஏறக்குறைய 5.5 மீட்டர். மூன்று சேலைகளுக்கு உரிய பாவை ஒருங்கே விரிப்பதானால், 16 மீட்டருக்கும் மிகுந்த நேரான இடம் வேண்டும். சிறு வீட்டில் அத்துணை நீண்ட கூடம் ஏது? ஆதலின், நெசவாளர்கள் தம் வீட்டு வாசலையே கூடமாக்கிக் கொண்டனர். வெயில் ஏறுவதற்கும் காற்று வீசுவதற்கும் முன்னர், விடியற்காலையிலேயே பாவைத் தெருவில் நீட்டுவர். ஒருவர் அறுந்த இழையைப் பிணைப்பார். மற்றொருவர் ஒட்டிய இழைகளைப் பிரிப்பார். அண்டை வீட்டாரும் உடன் நின்று கைகொடுப்பர். இவ்வாறு, தெருவில் தொழில் நடப்பதோடு உறவும் வளர்கிறது.

இத்தேவையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். சேலம் முதலிய நெசவு ஊர்களில் பாவு விரிப்பதற்கெனப் பொதுவாக விடப்பட்ட வெளிகள் உண்டு. அவற்றிற்குப் ‘பாவடி’ என்பது பெயர். வரைபடமும் அளவுகோலும் கொண்டு நகரமைக்கும் கல்வி தோன்றுமுன்னரே, தொழிலுக்கு ஏற்ப ஊரை வகுக்கும் அறிவு நம் மக்களிடம் இருந்தது என்பதை அப்பெயரே காட்டுகிறது.

வீட்டின் அமைப்பும் நெசவிற்கு இன்றியமையாதது. குழித்தறியில் நெய்பவர், தரையில் தோண்டிய குழியில் கால்களை வைத்து மிதியை இயக்குவார். தெருவில் வடிகால் சரியாக இல்லையெனின், ஐப்பசி, கார்த்திகை மழையில் அக்குழியில் நீர் ஊறும்; தறி நிற்கும்; தறி நின்றால் கூலியும் நிற்கும். மயிரிழை போன்ற நூல்களை நாள் முழுதும் உற்று நோக்கும் கண்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். எதிர்வீடும் பக்கத்து வீடும் நெருங்கி நின்று ஒளியை மறைத்தால், கண்ணும் கெடும், நெசவும் பழுதுபடும். சாய நீரைத் தூய்மை செய்யாது வெளியே விட்டாலோ, கிணற்று நீரும் ஆற்று மணலும் கெடும். கைத்தொழிலால் வாழும் ஊர், அத்தொழிலின் கழிவாலேயே நலிவுறுதல் தகுமோ?

காலம் மாறியது. ஊர்திகள் பெருகின. அரிசி மூட்டைகளைச் சுமந்த லாரி விரைந்து செல்ல அகன்ற சாலையை நாடுகிறது; பட்டுப் பாவோ அமைதியான தெருவை நாடுகிறது. இரண்டும் ஊருக்குச் சோறு அளிப்பவையே. ஒன்றற்காக மற்றொன்றை இழப்பது அறிவுடைமை ஆகாது. தெரு முழுதும் ஊர்திக்கு உரியதாகிவிட்டால், பாவு விரிக்க இடமின்றித் தறி ஓயும். புதிதாக எழும் குடியிருப்புகளில் தறி வைக்க இடமில்லாத சிறு வீடுகளே அமையுமானால், அங்குக் குடியேறும் குடும்பம் தொழிலையும் கைவிட நேரும்.

இத்தகைய சிக்கலுக்கு வழி காண முயன்ற பேரறிஞர் ஒருவர், பாட்ரிக் கெட்டிஸ். ஸ்காத்லாந்து நாட்டவர், தாவரவியல் பேராசிரியராக விளங்கியவர். 1914-ஆம் ஆண்டில் அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றி வந்த கப்பலை ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்தது. அவர் தளரவில்லை, மீண்டும் படங்களைத் திரட்டி, 1915-ஆம் ஆண்டில் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். மதுரை, தஞ்சை முதலிய நகரங்களின் தெருக்களில் நடந்து சென்று ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். நோயை அறியாமல் மருந்து கொடுப்பது எங்ஙனம் தவறோ, அங்ஙனமே மக்கள் வாழ்க்கையை அறியாமல் நகரைத் திருத்துவதும் தவறு என்பது அவர் கொள்கை. வரிசை வரிசையாக வீடுகளை இடித்து நேர்ச்சாலை அமைப்பதை அவர் ஏற்கவில்லை. பாழடைந்த வீடுகளை மட்டும் நீக்கி, அவ்விடங்களில் மரம் வைத்துச் சிறு வெளிகளாக்கினால், செலவும் குறையும், குடிகளும் இடம்பெயரார் என்று எடுத்துரைத்தார். 1920-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் வந்தது.

கெட்டிஸ் காட்டிய நெறியை ஆரணி போன்ற ஊர்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். வெளியூர் செல்லும் கனரக ஊர்திகளை ஊரின் புறத்தே செல்லும் சாலைக்குத் திருப்பலாம். நெசவுத் தெருக்களில் விடியற்கால வேளையைப் பாவிற்கென ஒதுக்கலாம். மழைக்காலத்தில் பாவு விரிப்பதற்குப் பொதுக் கூடம் கட்டலாம். சாயத் தொழிலாளர் அனைவரும் பயன்படுத்தத்தக்க கழிவுநீர்த் தூய்மிப்பு நிலையம் அமைக்கலாம். புதிய மனைகளைப் பிரிக்கும்போதே தறிக்குரிய நீளத்தையும் ஒளியையும் கருதலாம். இவற்றுள் எதுவும் பெருநகரின் ஆடம்பரம் அன்று. உழைப்பவர் தம் இல்லத்தில் இருந்தே நன்கு உழைப்பதற்கு வேண்டும் அடிப்படை வசதிகளே.

இவற்றை நிறைவேற்றுவது நகராட்சியின் கடமை மட்டும் என்று கருதி வாளாவிருத்தல் ஆகாது. நகரமைப்புத் திட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தையும் மறுப்பையும் கேட்க வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. வரைபடம் தீட்டும் பொறியாளர் சாலையின் அகலத்தை அளந்து அறிவார். அச்சாலையில் விடியற்காலையில் நடப்பது யாது என்பதை அங்கு வாழ்பவரே அறிவார். அறிந்தவர் வாய் திறவாவிடின், அறியாதவர் கோடு கிழிப்பர். ஆதலின், தம் தெருவில் எவ்வெத்தொழில் நடக்கிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, நிழல் எங்கே இல்லை என்பவற்றை இளமையிலேயே கூர்ந்து நோக்கும் பழக்கம் மாணவர்க்கு வேண்டும். அங்ஙனம் நோக்கியவரே நாளை ஊரை அமைக்கும் தகுதி உடையவர் ஆவர்.