பூசைச் சிறுவர் படமும் திறனாய்வாளர் தீர்ப்பும்

2002-ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த ‘தி டேஞ்சரஸ் லைவ்ஸ் ஆஃப் ஆல்டர் பாய்ஸ்’ என்னும் படம் தன் பெயராலேயே இடர்ப்பட்டது. பூசைக்கு உதவும் சிறுவரின் அபாய வாழ்க்கை என்பது அப்பெயரின் பொருள். குருக்கள் சிலர் சிறுவர்க்கு இழைத்த கொடுமைகளையும், மேலோர் அவற்றை மறைத்தமையையும் ‘போஸ்டன் குளோப்’ நாளிதழ் அவ்வாண்டு சனவரி முதல் வெளியிட்டு வந்தது. ஆதலின், இப்படம் அதனைப் பற்றியதன்று என முதற்கண் கூறிவிட்டே மதிப்புரைகாரர் பலர் மேற்செல்ல நேர்ந்தது.

கிறிஸ் பூர்மன் என்பார் எழுதிய நாவலே படத்திற்கு மூலம். நூல் 1994-இல் அச்சேறுமுன்பே, 1991-இல், ஆசிரியர் இறந்துபட்டார். இயக்கியவர் பீட்டர் கேர். கதை 1970-களில், தென்பகுதி ஊரொன்றின் கத்தோலிக்கப் பாடசாலையில் நிகழ்கின்றது. டிம், பிரான்சிஸ் என்னும் தோழரிருவரும் தம் கூட்டாளிகளோடு சித்திரக்கதை வரைகின்றனர். அதில் தாம் வீரர், தம்மைக் கண்டிக்கும் சகோதரி அசம்ப்டா கொடிய அரக்கி. அர்ச்சியசிஷ்ட ஆகத்தம்மாள் சுரூபத்தையும் திருடுகின்றனர். விளையாட்டு முற்றி, காட்டுப்பூனை இனத்துப் பெருவிலங்கொன்றைக் கொணர முயலுங்கால் டிம் உயிரிழக்கின்றான்.

இளம் நடிகர் கீரன் கல்கின், எமில் ஹிர்ஷ், ஜீனா மலோன் ஆகிய மூவரையும் திறனாய்வாளர் பெரும்பாலும் பாராட்டினர். பிணக்கு எழுந்தது இரண்டிடத்தில். நகைச்சுவையாய்த் தொடங்கிய கதை சாவில் முடிவது பொருந்தாதென்றனர் சிலர். இக்குறை எனக்கு வலியதாகத் தோன்றவில்லை. மெய்ப்பாடுகளை எண்ணிய தொல்காப்பியர் நகையை அடுத்தே அழுகையை வைத்தார். பதினான்கு வயதில் அவ்விரண்டிற்கும் இடையே சுவரேது?

மற்றையது, இடையிடையே வரும் உயிரூட்டிய சித்திரக் காட்சிகள். அவை கதையோட்டத்தைத் தடுக்கின்றன என்பது பலர் தீர்ப்பு. ஆயினும் அவற்றை நீக்கிவிட்டால் படத்தின் நீதியே குலையும். அரக்கியாவது சிறுவர் தீட்டிய உருவம்; சகோதரியாக நடித்த ஜோடி பாஸ்டரோ கடுமையும் களைப்பும் மிக்க ஒரு மானிடப் பெண்ணையே காட்டுகின்றார். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காணும்போதுதான், சிறுவர் கண்ணிற்கு எது அகப்படவில்லை என்பது நமக்கு விளங்கும். துறவியரை இழிவுபடுத்தும் படமென ஐயுறும் விசுவாசிகள் இதனை உற்றுநோக்க வேண்டும். கண்டிப்பவரை ஏட்டின் ஓரத்தில் அரக்கராய் வரையாத மாணாக்கர் எக்கல்லூரியிலுளர்?

மெய்யான குறை வேறிடத்துளது. ‘ஸ்பான்’ சித்திரக்கதையால் புகழ்பெற்ற டாட் மக்பார்லேன் பொறுப்பில் உருவான அக்காட்சிகள் பழுத்த தொழிற்கலைஞரின் கைவண்ணமாகவே மின்னுகின்றன. பாடவேளையில் ஒளித்து வரைந்த சிறுவனது பென்சிற் கோணலும், அழித்தெழுதிய கறையும் அங்கில்லை. தடை என்று திறனாய்வாளர் உணர்ந்தது ஒருவேளை இவ்வயன்மையைத்தான். முதற்படத்திற்குரிய இண்டிபெண்டன்ட் ஸ்பிரிட் விருதை 2003-இல் இப்படம் பெற்றது. ஆயினும் பிரான்சிஸின் கை எழுதியதாக நம்பத்தக்க ஒரு சித்திரமேனும் அவ்வுயிரூட்டிய காட்சிகளில் எனக்குத் தென்படவில்லை.