முதல் வீடு யாருக்கு?

குருவிட்ட

அன்பு மகளுக்கு,

ஆயிரம் குடும்பங்கள் வீடின்றி இருக்க, கையிலுள்ள பணம் நூறு வீடுகளுக்கே போதுமென்றால், அந்த நூறு யாருக்கு என்பதை உள்ளூராட்சி எங்ஙனம் தீர்மானிக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தாய். உயர்தர வகுப்புப் பாடத்துக்காகக் கேட்டாயோ, நம் தோட்டத்து லயத்தை நினைத்துக் கேட்டாயோ அறியேன். அதிகக் கஷ்டத்தில் இருப்பவருக்கே முதலிடம் என்று சுற்றறிக்கைகள் எல்லாம் சொல்லுகின்றன. ஆயினும் நான் பார்த்தவரையில் முதலிடத்தைத் தீர்மானிப்பது கஷ்டமன்று, காணிதான். கட்டுவதற்கென்று விடுவிக்கப்பட்ட காணி தோட்டத்தின் எந்த டிவிஷனில் இருக்கிறதோ அங்கேயே முதல் அத்திவாரம் வெட்டப்படுகிறது.

இது விளங்க வேண்டுமானால் பிரதேச சபைக்கும் தோட்டத்துக்குமுள்ள பழைய விவகாரத்தை நீ அறிந்திருக்க வேண்டும். 1930களின் பிற்பகுதியில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையிலிருந்து தோட்டத்து இந்தியத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்த பிறகும், நாமே வாக்களித்து அனுப்பிய உறுப்பினர் நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் பறிக்கச் சபைப் பணத்தைத் தொட முடியாதபடி அதன் 33ஆம் பிரிவு தடுத்துக்கொண்டிருந்த விசித்திரத்தை, 2018இல் வந்த திருத்தமே நீக்கியது. அத்திருத்தமும் பணத்துக்கு வழிவிட்டதேயன்றிக் காணிக்கு வழிவிடவில்லை. 1972இலும் 1975இலும் அரசாங்கம் சுவீகரித்த தோட்டங்கள் 1992 முதல் கம்பெனிகளின் நிர்வாகத்தில் நீண்டகாலக் குத்தகைக்கு இருப்பதால், கம்பெனி இணங்கி, அரசாங்கம் அனுமதித்து, நில அளவையாளர் கல் நட்டு, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் வரைபடம் கீறிய பிற்பாடே வீடு என்ற பேச்சுக்கு இடமுண்டாகிறது. பாதை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றை எண்ணிப் பார்க்கும் சபை பெரும்பாலும் கடைசியாகவே அழைக்கப்படுகிறது. இந்தக் கிரமமே தலைகீழானது என்பது என் அபிப்பிராயம்.

காணியின் கணக்கை நீயே போட்டுப் பார். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 2015ஐ ஒட்டி வந்த திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்று வைத்தார்கள். 20 குடும்பத்துக்கு 140 பேர்ச் போக, பாதைக்கும் கானுக்கும் எஞ்சுவது 20 பேர்ச். இப்பொழுது இந்திய உதவித் திட்டத்தில் சொல்லப்படும் 10 பேர்ச் வீதம் கொடுத்தாலோ 16 குடும்பத்தோடு ஏக்கர் தீர்ந்துவிடும். அந்தப் பதினாறு பேரும் வாசலுக்கு வந்து சேர ஓர் அடிப் பாதையும் மிஞ்சாது. நம் குருவிட்டப் பகுதியிலோ பள்ளத்தில் குரு கங்கை பெருகி ஏறும், மேட்டில் மண் சரியும்; இரண்டுக்கும் இடைப்பட்ட நல்ல நிலத்தில் தேயிலையோ இறப்பரோ நிற்க, மகசூல் தருகிற மலையை விட்டுக்கொடுக்க எந்தத் தோட்டத் துரைக்கும் இலகுவில் மனம் வருவதில்லை.

ஆகையினால் எந்தக் காணியானாலும் முதலில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் உத்தியோகத்தர் வந்து பார்க்க வேண்டும். அவ்வாறு ஒருவர் பார்வையிடுகையில் நான் கூடச் சென்றதுண்டு. அவர் கட்டிடத்தைப் பார்க்குமுன் லயத்தின் பின்புற மண்மேட்டைத்தான் பார்த்தார். சாய்ந்து நின்ற மரங்களையும், முன்பு இல்லாத இடத்தில் கசிந்த ஊற்றையும், இஸ்தோப்புத் தரையில் ஓடிய வெடிப்பு ஒரு விரல் நுழையுமளவுக்கு அகன்றிருந்ததையும் குறித்துக்கொண்டார். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையென்றால் கவனம், 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது அவர்களுடைய விதி. விதி நல்லதே, வெளியேறிய குடும்பம் எங்கே போவது என்பதற்குத்தான் விதியில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானதென்ற எச்சரிக்கை புதிதாகவா இருந்தது? பல வருஷங்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அன்று அம்மக்களுக்கு இல்லாமற்போனது, போய்க் குடியேற ஆயத்தமாயிருந்த ஒரு துண்டு நிலம்.

யாருக்கு முதலிடம் என்பதைப் பகிரங்கமாகத் தீர்மானிப்பதற்குக் கேரளத்தை ஓர் உதாரணமாகச் சொல்லலாம். அங்கே லைஃப் மிஷன் என்ற வீடமைப்புத் திட்டத்தில் பயனாளிகளின் பெயர்ப்பட்டியல் கிராம சபையின் முன் வைக்கப்படுகிறது. விடுபட்டவர் மேன்முறையீடு செய்யலாம். பழைய திட்டங்களில் பாதியில் நின்ற வீடுகளை முடிப்பது முதற்கட்டம், காணியிருந்தும் வீடில்லாதவர் இரண்டாவது, காணியும் வீடும் இல்லாதவர் மூன்றாவது என வகுத்தார்கள். பெயர்கள் பகிரங்கமாக வாசிக்கப்படுவதை நான் மெச்சுகிறேன். ஆனால் கட்டங்களின் வரிசையைக் கவனி, ஒன்றுமே இல்லாதவன் அங்கும் கடைசியில்தான் நிற்கிறான். அதிகாரிகளின் நெஞ்சில் ஈரமில்லை என்பதல்ல காரணம். காணி தேடுவது கட்டுவதைக் காட்டிலும் கடினம் என்பதே. நம்மவர் ஏறக்குறைய அனைவரும் அந்த மூன்றாம் வரிசைக்காரர் அல்லவா?

எனவே ஒரு சபை மெய்யாகவே தேவையின்படி வீடு கொடுக்க விரும்பினால், பணம் வருமென்று காத்திராமல், தன் எல்லைக்குள் எந்தெந்தத் தோட்டத்தில் எத்தனை பேர்ச் பாதுகாப்பானது, அதற்குப் பாதையும் தண்ணீரும் எவ்வளவு தூரம், எந்த லயத்தின் பின்னால் மண் அசைகிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரையும் தோட்ட நிர்வாகத்தையும் வைத்துக்கொண்டு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காத இடத்தில், பணம் வந்த அன்று எந்தத் தொழிற்சங்கத்தின் குரல் உரத்ததோ, எந்தத் தோட்டம் பிரதான வீதிக்கு அருகில் இருந்து திறப்பு விழாவுக்குச் சௌகரியமோ, அங்கே வீடு போய்விடும்.

விடுமுறையில் வரும்போது உன் சிநேகிதிகளையும் அழைத்துக்கொண்டு சபைக் காரியாலயத்துக்குப் போ. 2016இல் வந்த தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கலாம். இவ்வருஷம் எத்தனை வீடு என்று கேளாதே. அதற்கு விடை எப்போதும் தயாராக இருக்கும். வீட்டுக்கென ஒதுக்கப்பட்ட காணிகளின் பட்டியலையும், அவற்றுக்கான மண்சரிவு அறிக்கைகளையும் கேள். எழுதும் முறை தெரியாவிட்டால் நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா