தேனீப் பெட்டியில் உண்ணி: பனிக்காலத்தில் மருந்திடலாமா?

தேன் நமக்கு விலக்கப்பட்ட பொருள். எனினும் மத்திகிரிப் பகுதியில் தோட்டம் உடையோர் மகரந்தச் சேர்க்கைக்காகத் தேனீப் பெட்டி வைக்க எண்ணலாம். அப்பொழுது ஒரு வினா எழும். வரோவா என்னும் உண்ணியை மருந்திட்டு அழித்தால் உண்ணிக்குக் கொலை. வாளா இருந்தால் ஈக்கூட்டமே மடியக்கூடும். யாது செய்வது?

1. உண்ணியின் இயல்பு: இது ஈயின் உடலைப் பற்றி அதன் கொழுப்புத் திசுவை உண்பது, நச்சுயிரி நோய்களையும் பரப்புவது. மூடப்பட்ட புழுவறையினுள்ளே இனம் பெருக்குவது.

2. ஈக்களின் வேறுபாடு: நம் இந்தியத் தேனீ இவ்வுண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. அதன் கூட்டில் உண்ணி பெரும்பாலும் ஆண் ஈயின் அறைகளிலேயே பெருகும். ஆதலின் மருந்து தேவைப்படுவது அரிது. 1962இல் நக்ரோட்டாவில் கொண்டுவந்து வளர்க்கப்பெற்ற இத்தாலியத் தேனீக்கு இத்தற்காப்புக் குறைவு.

3. குளிர்நாட்டு வழக்கம்: ஐரோப்பாவின் கடுங்குளிரில் இராணி ஈ முட்டையிடுவதை நிறுத்தும். புழுவறை இன்மையால் உண்ணிகள் யாவும் ஈக்களின் மேலேயே இருக்கும். அப்பொழுது ஒருமுறை இடும் ஆக்சாலிக் அமிலம் பயன் தரும். நம் பகுதியிலோ மார்கழி, தை மாதங்களில் அவரை பூக்கும்; மாவும் பூவெடுக்கும்; இராணி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். மூடிய அறையினுள் அவ்வமிலம் புகாது. ஆகவே அவ்வழக்கம் நமக்கு அப்படியே பொருந்தாது. பார்மிக் அமில ஆவி அறையினுள்ளும் புகும். ஆயின் வெப்பம் மிகுந்த நாளில் அது ஈக்களுக்கே தீங்காகும்.

4. கணக்கிடும் முறை: ஏறத்தாழ 300 ஈக்களை, இராணி இல்லாதவாறு பார்த்து, கம்பிவலை மூடியுள்ள புட்டியில் இடுக. பொடித்த சர்க்கரையைத் தூவி மெல்லக் குலுக்குக. உண்ணிகள் வலை வழியே உதிரும், அவற்றை எண்ணுக. பின்னர் ஈக்களை உயிருடன் பெட்டியில் விடுக. நூறு ஈக்களுக்கு மூன்று உண்ணி என்பது பலரும் மருந்திடக் கொள்ளும் எல்லை.

5. அறநோக்கு: கொல்லவேண்டும் என்னும் கருத்தோடு செய்வது சங்கல்ப இம்சை; காக்கும் பொருட்டு எதிர்க்கையில் நேர்வது விரோதி இம்சை. இல்லறத்தார் முன்னதை அறவே விடுத்தல் வேண்டும். எண்ணிப் பாராமல் நாள் குறித்து மருந்திடுவதில் காக்கும் தேவையே இன்னும் தெரியவில்லை. அதனைக் காப்பு என்று சொல்ல இயலாது. எண்ணிப் பார்த்து, வேறு வழியின்றி இடுவது வேறு. அவ்விக்கட்டையே தவிர்க்க விரும்புவோர் இந்தியத் தேனீயைத் தேர்வது நலம். வளர்க்காதிருப்பதும் ஒரு நல்ல முடிவே.

பயிற்சி வினாக்கள்:
அ) ஐரோப்பியப் பனிக்கால முறை ஓசூர்ப் பகுதிக்குப் பொருந்தாமைக்குக் காரணம் என்ன?
ஆ) மருந்திடுமுன் எண்ணுவது எவ்வாறு அகிம்சையின் பகுதியாகிறது?